ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கின் வலது முழங்கை: ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களிடம் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற பெயரைச் சொன்னால் பேச்சு உடனே 2012 செப்டம்பருக்குப் போய்விடும். நன்றாக வீசிக்கொண்டிருந்த இளம் பிட்சர் ஒருவரை, அறுவை சிகிச்சை செய்த முழங்கையைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி, பருவத்தின் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபுக்கு முன்பு அவருடைய அணியே உட்கார வைத்தது. அது சரியா தவறா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தச் சண்டையில் எனக்கும் ஒரு கட்சி உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். மருத்துவ நிகழ்வாகப் பார்த்தால் கவனிக்க வேண்டியது வேறொன்று. 2010இல் அந்த முழங்கையில் புதிதாக வைக்கப்பட்ட தசைநாருக்கு மறுமுறை அறுவை சிகிச்சை தேவைப்படவே இல்லை. அந்த வகையில் சிகிச்சை முழு வெற்றி. ஆனாலும் 33 வயதில் அந்தக் கை கடைசிப் பந்தை வீசிவிட்டது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. பிட்சர் ஒரு சிறு மேட்டின் மீது நின்று, 18.44 மீட்டர் தொலைவில் நிற்கும் பேட்டரை நோக்கிப் பந்தை எறிகிறார். கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளருக்கு ஓட்டம் உண்டு, முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நீட்டக் கூடாது என்ற விதியும் உண்டு. அதனால் அவருடைய சுமையில் பெரும்பங்கு இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் போகிறது. பும்ராவை மாதக்கணக்கில் வெளியே உட்கார வைத்ததும் முதுகுதான். பேஸ்பாலில் முழங்கையை மடக்கி எறிவதே தொழில். ஓட்டமும் கிடையாது. ஆக, விலையை முழங்கையும் தோளும் கொடுக்கின்றன.

நோயாளியின் முன்வரலாறு

1988 ஜூலையில் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் பிறந்தவர். 2006இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்தத் தொழில்முறை அணியும் அவரை எடுக்கவில்லை. உடல் கனத்திருந்தது, பயிற்சியில் மூச்சு வாங்கியது. சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது உடற்பயிற்சி ஆசிரியர் அவரை ஒரு மந்தமான விலங்கின் பெயரைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறார். அங்கே தலைமைப் பயிற்சியாளர், பேட்டிங்கில் பெரும் புகழ் பெற்ற டோனி க்வின். பையன் எடையைக் குறைத்தான்; வலிமை ஏறியது; பந்தின் வேகமும் கூடவே ஏறியது. பள்ளியில் மணிக்கு 90 மைல் அளவில் இருந்த பந்து, மூன்றே ஆண்டுகளில் 100 மைலைத் தொட்டது. கிலோமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 145இலிருந்து 160.

2008 ஏப்ரலில் யூட்டா பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 23 ஸ்ட்ரைக் அவுட். அதாவது, ஃபீல்டர்களின் உதவியே இல்லாமல் 23 பேட்டர்களைத் தாமே வெளியேற்றினார். அந்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்க அணியில் இருந்த ஒரே கல்லூரி மாணவர் அவர்தான். 2009இல் கல்லூரிக்காக 109 இன்னிங்ஸில் 195 ஸ்ட்ரைக் அவுட். இது கிரிக்கெட் இன்னிங்ஸ் அல்ல; பேஸ்பாலில் பிட்சரின் ஒரு இன்னிங்ஸ் என்றால் எதிரணியின் மூன்று பேர் வெளியேறும் வரை, 1/3 என்றால் ஒருவர். அந்த ஜூனில் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி அவரை டிராஃப்டின் முதல் வீரராக எடுத்தது. ஆகஸ்டில் 4 ஆண்டுகளுக்கு 1.51 கோடி டாலர் ஒப்பந்தம். டிராஃப்டில் எடுக்கப்பட்ட ஒருவருக்கு அதுவரை அவ்வளவு தொகை கொடுக்கப்பட்டதில்லை.

இந்த வேக ஏற்றத்தை நான் சாதனைப் பட்டியலில் சேர்க்க மாட்டேன், நோய் வரலாற்றில் சேர்ப்பேன். தசை சில மாதப் பயிற்சியில் தடித்து வலுவடையும். எலும்போடு எலும்பைக் கட்டும் தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது பழகிக்கொள்ள ஆண்டுகள் ஆகும். கட்டியிருக்கும் கயிறு பழையதாகவே இருக்க, இழுக்கும் மாடு மட்டும் பெருத்துவிட்டது. ஸ்ட்ராஸ்பர்க்கின் கிழிவுக்கு வேர் இங்கேதான் என்பது என் ஊகம். அவர் கையைத் தூக்கும் பாணியில் முழங்கை தோளைவிட உயர்ந்து நிற்கிறது, அதுதான் காரணம் என்று அப்போது பலர் படம் போட்டு விளக்கினார்கள். அந்தப் பாணியில் எறிந்தும் நீண்ட காலம் நலமாக இருந்தவர்கள் உண்டு. அப்படி எறியாமல் கிழித்துக்கொண்டவர்கள் அதைவிட அதிகம்.

காயம்

2010இல் பெரிய லீகுக்குக் கீழ்நிலையான மைனர் லீகில் 11 ஆட்டங்கள். பிறகு ஜூன் 8 அன்று வாஷிங்டனில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு எதிராக முதல் பெரிய ஆட்டம்: 7 இன்னிங்ஸ், 94 பந்துகள், 14 ஸ்ட்ரைக் அவுட். பந்தைக் குறிக்கு வெளியே வீசி ஒருவரைக்கூட இலவசமாக முதல் தளத்துக்கு நடக்கவிடவில்லை. கடைசி ஏழு பேரை வரிசையாக வெளியேற்றினார். அறிமுக ஆட்டத்தில் அதற்குமுன் இருந்த உச்சம் 15. அதற்கு ஒன்றுதான் குறைவு.

ஜூலை 27 அன்று ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, தோள் இளகவில்லை என்று சொல்லி விலகினார். தோளில் அழற்சி என்றார்கள். இரண்டு வாரம் ஓய்வு. ஆகஸ்ட் 10 அன்று திரும்பினார். தோளின் அழற்சிதான் முழங்கைக் கிழிவுக்குக் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தோள் களைத்திருக்கும்போது அது சுமக்க வேண்டிய பங்கு கீழே முழங்கைக்கு இறங்கும் என்பது எறிதலின் இயக்கவியல் தெரிந்த எவருக்கும் தெரியும். இன்றைக்கு ஒரு மருத்துவர் இந்தக் கோப்பைப் படித்தால் ஜூலை 27இல் சிவப்புக் கோடு போடுவார்.

ஆகஸ்ட் 21, பிலடெல்ஃபியா. ஐந்தாவது இன்னிங்ஸில் டொமினிக் பிரவுனுக்கு ஒரு சேஞ்ச்அப் வீசினார். ஃபாஸ்ட்பால் போலவே கையைச் சுழற்றி, வேகத்தை மட்டும் குறைத்து வீசும் பந்து அது. முகம் சுளித்தது, வலது கையை உதறினார். அதோடு அவரை வெளியே அழைத்துக்கொண்டார்கள்.

முதலில் சொல்லப்பட்டது முன்கைத் தசைநாணில், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் நாணில், பிடிப்பு என்று. இந்தத் தடுமாற்றம் அந்த அணிக்கு மட்டும் உரியதல்ல. மணிக்கட்டையும் விரல்களையும் மடக்கும் தசைகள் முழங்கையின் உட்புற எலும்பு முனையிலிருந்துதான் புறப்படுகின்றன. கிழிந்த தசைநார் அவற்றுக்கு நேர் அடியில் இருக்கிறது. விரலை வைத்து அழுத்தினால் வலி ஏறத்தாழ ஒரே இடம். முழங்கையை மடக்கி, முன்கையை வெளிப்புறமாகத் தள்ளிப் பார்க்கும் சோதனையில் உள்பக்கம் திறந்துகொள்வது போல இருந்தால் தசைநார் மீது சந்தேகம் வரும், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதை உறுதி செய்யும். மேலும் நுணுக்கமான ஸ்கேனுக்குப் பிறகு, ஆகஸ்ட் 27 அன்று பொது மேலாளர் மைக் ரிஸ்ஸோ செய்தியாளர்களிடம் தசைநார் கிழிந்திருப்பதை அறிவித்தார்.

இடைப்பட்ட நாட்களில் நடந்த ஒன்று எனக்கு மறக்கவில்லை. அந்த அணியின் ஆட்டங்களுக்குத் தொலைக்காட்சி வர்ணனை செய்துகொண்டிருந்த ராப் டிபிள், தாமும் ஒரு காலத்தில் வேகப் பிட்சராக இருந்தவர். வலியைப் பொறுத்துக்கொண்டு வீச வேண்டியதுதானே என்ற பொருள்படத் தம் வானொலி நிகழ்ச்சியில் பேசினார். சில நாட்களில் கிழிவு உறுதியானது. வர்ணனை வேலை அவரை விட்டுப் போனது. வலியைத் தாங்குவதே ஆண்மை என்ற பேச்சு பள்ளி மைதானங்களிலும் இதே குரலில்தான் கேட்கிறது. அங்கே அதைப் பேசுகிறவருக்கு வேலை போவதில்லை.

அந்தத் தசைநார் என்ன செய்கிறது

மேற்கை எலும்பையும், முன்கையின் சுண்டுவிரல் பக்க எலும்பையும் முழங்கையின் உட்புறத்தில் இணைக்கும் ஒரு சிறு பட்டை அது. பிட்சர் கையைப் பின்னால் முழுவதும் சாய்த்து, முன்னே சொடுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில், உடல் முன்னால் போய்விட்டிருக்கும். முன்கை இன்னும் பின்னால் கிடக்கும். முழங்கை உள்பக்கமாகப் பிளந்து திறக்கப் பார்க்கும். அதைத் திறக்கவிடாமல் பிடிப்பது முக்கியமாக இந்தப் பட்டைதான்.

அலபாமாவின் பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தின் கிளென் ஃபிளைசிக் குழுவினர் 1990களில் அளந்து சொன்ன கணக்கு புகழ்பெற்றது. முழு வேகத்தில் எறியும்போது முழங்கையின் மீது விழும் திருகு விசை ஏறத்தாழ 64 நியூட்டன் மீட்டர். முன்கையைக் கிடையாக நீட்டி, கையில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் முழங்கையில் ஏற்படும் திருகலுக்கு இது ஏறத்தாழ சமம். இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த தசைநாரைத் தனியாக இழுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 32 நியூட்டன் மீட்டரிலேயே அது அறுந்துவிடுகிறது. கணக்குப்படி பார்த்தால் ஒவ்வொரு ஃபாஸ்ட்பாலும் தசைநாரை அதன் எல்லைக்கே கொண்டுபோகிறது. மிச்சத்தை எலும்பின் அமைப்பும் சுற்றியுள்ள தசைகளும் தாங்குகின்றன. தசை களைத்துவிட்டால்? அந்தக் கேள்வியில்தான் பிட்சரின் தொழில்வாழ்வு நிற்கிறது. பிலடெல்ஃபியாவில் அந்த ஒரு பந்து கிழித்தது என்று சொல்வது பேச்சுவழக்கு. நார்நாராகப் பல மாதம் தேய்ந்ததன் கடைசி இழை அன்று போனது என்பதே உண்மைக்கு நெருக்கம்.

கிழிவு என்றாலே கத்தி என்று பொருளல்ல. 2014இல் நியூயார்க் யாங்கீஸின் மசாஹிரோ தனாகாவுக்கு அதே தசைநாரில் பகுதிக் கிழிவு ஏற்பட்டது. அவருடைய ரத்தத்திலிருந்தே தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்து ஊசியாகச் செலுத்தி, ஓய்வு கொடுத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் திரும்பி வீசினார். இந்த அறுவை சிகிச்சை இல்லாமலே பல பருவங்கள் ஆடினார். கிழிவு எவ்வளவு, எந்த முனையில், நோயாளி என்ன வேகத்தில் எறிகிறவர் என்பவற்றை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஸ்ட்ராஸ்பர்க்குக்கு மருத்துவர்கள் அறுவை சிகிச்சையையே தேர்ந்தார்கள்.

அறுவை சிகிச்சை

2010 செப்டம்பர் 3 அன்று கலிஃபோர்னியாவில் மருத்துவர் லூயிஸ் யோகம் இதைச் செய்தார். இந்த அறுவை சிகிச்சையைக் கண்டுபிடித்த ஃபிராங்க் ஜோபின் மருத்துவமனையில் அவருடன் பணியாற்றியவர் யோகம். ஆக, மூலவரின் பள்ளியிலிருந்தே வந்த கை.

ஜோப் இதை முதலில் செய்தது 1974 செப்டம்பர் 25 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் இடக்கைப் பிட்சர் டாமி ஜானுக்கு. தேறி வருவதற்கு நூறில் ஒரு வாய்ப்பு என்று மருத்துவரே மதிப்பிட்டிருந்தார். நரம்புக் கோளாறால் விரல்கள் வளைந்துபோக, இரண்டாம் முறையும் திறக்க வேண்டியிருந்தது. 1975 முழுவதும் ஆட்டம் இல்லை. 1976இல் திரும்பினார். அதற்குப் பிறகு மட்டும் 164 வெற்றிகள். 1989இல், 46 வயதில்தான் விடைபெற்றார். இன்று இந்தச் சிகிச்சையையே டாமி ஜான் என்றுதான் சொல்கிறார்கள்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிழிந்த தசைநாரைத் தைப்பதில்லை. புதிதாக ஒன்றைக் கட்டுகிறார்கள். அதற்கான நாண் பெரும்பாலும் மணிக்கட்டிலிருந்து மேலேறும் பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையிலிருந்து வருகிறது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டவைத்து மணிக்கட்டைச் சற்று மடக்கிப் பாருங்கள். நடுவே புடைத்து நிற்பது அதுதான். நூற்றில் சுமார் 15 பேருக்கு அது பிறவியிலேயே இருக்காது. இல்லாததால் எந்தக் குறையும் தெரியாது. அதனால்தான் தயங்காமல் எடுக்கிறார்கள். அது இல்லாதவர்களுக்குத் தொடையின் பின்புற நாண் உதவும். முழங்கையின் உட்புறத்தைத் திறந்து, தசைகளை விலக்கி, இரண்டு எலும்புகளிலும் சிறு துளைகள் போட்டு, அந்த நாணை அவற்றின் வழியே கோத்து இறுக்குகிறார்கள். பக்கத்திலேயே ஓடுவது, முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று பாயுமே, அந்த நரம்பு. டாமி ஜானின் விரல்களை வளைத்ததும் அதுதான். இதைக் காயப்படுத்தாமல் வெளியே வருவதில்தான் அறுவை மருத்துவரின் தேர்ச்சி தெரியும்.

பிறகு நடப்பதுதான் வியப்பு. தசையை எலும்போடு பிணைக்கப் பிறந்த நாண், புதிய இடத்தில் முதலில் ஏறத்தாழ உயிரற்றுக் கிடக்கிறது. மெல்ல ரத்தக் குழாய்கள் உள்ளே வளர்கின்றன. புதிய செல்கள் குடியேறுகின்றன. இழைகள் சுமையின் திசைக்கு ஏற்ப அடுக்கிக்கொள்கின்றன. கடைசியில் அது தசைநாராகவே மாறிவிடுகிறது. இந்த மாற்றத்துக்கு ஒரு ஆண்டோ அதற்கு மேலோ ஆகிறது. எந்த மருந்தும் அதை விரைவுபடுத்துவதாக உறுதியாகவில்லை.

மீண்டு வந்த வழி

அறுவைக்குப் பிறகு முதல் சில நாட்கள் முழங்கை மடக்கிய நிலையில் கட்டுக்குள் இருக்கும். பிறகு கீல் வைத்த பட்டையில், வாரத்துக்குச் சில டிகிரி என்று நீட்டவும் மடக்கவும் விடுவார்கள். ஒன்றரை மாதத்தில் கை ஏறத்தாழ முழுவதும் நீளும். அடுத்து தோள்பட்டை, முதுகு, இடுப்பு, கால் ஆகியவற்றுக்கு வலுவூட்டல். பலருக்கு இந்தக் கட்டத்தில்தான் உடலின் உண்மையான பலவீனங்கள் தெரியவருகின்றன. இடுப்பு திரும்பாததன் கடனை இவ்வளவு நாள் முழங்கை கட்டிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் புரியும்.

நான்கு மாதத்துக்கு மேல் ஆனதும் முதல் பந்து. 14 மீட்டர் தொலைவுக்கு, சமதரையில், குழந்தைக்கு எறிவது போல. பிறகு தொலைவு ஏறும், எண்ணிக்கை ஏறும். வலித்தால் ஒரு படி இறங்க வேண்டும். எட்டு ஒன்பது மாதத்தில் மேட்டின் மீது ஏறலாம். இந்த மாதங்களில் நோயாளியின் எதிரி வலியல்ல, வலியின்மை. கை நன்றாக இருப்பதாகத் தோன்றும். உள்ளே நாண் பாதிதான் மாறியிருக்கும். 22 வயதில், நாடே காத்திருக்கும்போது, நன்றாக இருக்கும் கையைச் சும்மா வைத்திருப்பது எளிதல்ல.

ஃப்ளோரிடாவின் வியராவில் இருந்த அணியின் பயிற்சி மையத்தில் ஸ்ட்ராஸ்பர்க் இந்தப் படிகளை ஏறினார். 2011 ஆகஸ்ட் 7 அன்று மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுனில் மைனர் லீக் ஆட்டம் ஒன்றில் மீண்டும் வீசினார். செப்டம்பர் 6 அன்று வாஷிங்டனில் டாட்ஜர்ஸுக்கு எதிராகப் பெரிய மேடைக்குத் திரும்பினார்: 5 இன்னிங்ஸ், 56 பந்துகள், ரன் ஏதும் இல்லை. அறுவை நடந்து ஒரு ஆண்டும் மூன்று நாளும். அந்தப் பருவத்தில் 5 ஆட்டங்கள், 24 இன்னிங்ஸ், 24 ஸ்ட்ரைக் அவுட். இன்றைய மருத்துவர்கள் பலர் 14 மாதத்துக்குக் குறைந்து ஒரு பெரிய லீக் பிட்சரைத் திருப்பி அனுப்பத் தயங்குவார்கள்.

159 1/3

2012 பருவத்துக்கு முன்பே ரிஸ்ஸோ சொல்லிவிட்டார்: ஏறத்தாழ 160 இன்னிங்ஸ், அதோடு நிறுத்தம். ஸ்ட்ராஸ்பர்க் 28 ஆட்டங்களில் 15 வெற்றி, 197 ஸ்ட்ரைக் அவுட் என்று வீசிக்கொண்டு போனார். அணியும், வாஷிங்டனுக்கு வந்த பிறகு முதல்முறையாக, பிளேஆஃபை நோக்கிப் போனது. செப்டம்பர் 7 அன்று மயாமிக்கு எதிராக 3 இன்னிங்ஸிலேயே தடுமாறினார். மறுநாள் மேலாளர் டேவி ஜான்சன் பருவம் முடிந்தது என்றார். மொத்தம் 159 1/3 இன்னிங்ஸ். நேஷனல்ஸ் 98 வெற்றிகளோடு லீகின் உச்சியில் நின்றது. அக்டோபர் 12 அன்று செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிரான தீர்மான ஆட்டத்தில் 6க்கு 0 என்று முன்னிலை பெற்றது. கடைசி இன்னிங்ஸில் 4 ரன்களை விட்டுக்கொடுத்து 9க்கு 7 என்று தோற்றது. ஸ்ட்ராஸ்பர்க் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கட்சி இதுதான்: நிறுத்தியது நியாயம், எண்ணைப் பிடித்துக்கொண்டது பலவீனம். 160 என்பது எந்த மருத்துவ ஆய்வும் கண்டுபிடித்த எல்லை அல்ல. அதே அணியின் ஜோர்டன் ஸிம்மர்மன் 2009இல் அறுவை செய்துகொண்டு, 2011இல் 161 1/3 இன்னிங்ஸோடு நிறுத்தப்பட்டார். அவர் நன்றாக இருந்தார். ஆகவே இவருக்கும் அதுவே. ஒரே ஒருவரை வைத்து வரைந்த கோடு. இன்னிங்ஸ் என்பது சுமையின் அளவும் அல்ல. 11 பந்தில் முடியும் இன்னிங்ஸும் உண்டு. எதிரணி ஆட்களை அடித்தளங்களில் நிறுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்து 30 பந்து வீசும் இன்னிங்ஸும் உண்டு. கணக்கேட்டில் இரண்டும் ஒன்றுதான்.

ஏன் அவரை மே மாதம் தொடங்க விடவில்லை, அப்படிச் செய்திருந்தால் அக்டோபருக்கு மிச்சம் இருந்திருக்குமே என்று கேட்டார்கள். நிறுத்தி நிறுத்தித் தொடங்குவது கைக்கு நல்லதல்ல என்பது ரிஸ்ஸோவின் பதில். கேட்பவர்களின் கையில் ஓர் உதாரணம் இருந்தது. அட்லாண்டா பிரேவ்ஸின் கிரிஸ் மெட்லன், 2010 ஆகஸ்டில் அதே அறுவையைச் செய்துகொண்டவர். 2012இன் முதல் பாதியில் அவரைக் குறைந்த பந்துகள் வீசும் மாற்றுப் பிட்சராக வைத்திருந்து, ஜூலை இறுதியில் முழு வேலைக்கு ஏற்றினார்கள். 138 இன்னிங்ஸ், 10 வெற்றி, 1 தோல்வி. புத்திசாலித்தனம் என்று எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான். 2014 மார்ச்சில் மெட்லனுக்கு அதே முழங்கையில் இரண்டாவது டாமி ஜான் அறுவை. இதை வைத்து ரிஸ்ஸோ வென்றார் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை; அவரும் ஒருவர், இவரும் ஒருவர்.

இன்னும் பொருத்தமான ஒப்பீடு நியூயார்க் மெட்ஸின் மாட் ஹார்வி. 2013 அக்டோபரில் அறுவை, 2014 முழுவதும் ஓய்வு, 2015இல் திரும்பினார். அவருடைய முகவர் ஸ்காட் போராஸ்தான்; ஸ்ட்ராஸ்பர்க்கின் முகவரும் அவரே. 180 இன்னிங்ஸ் வரம்பு என்ற பேச்சு எழுந்தது, ஊரெல்லாம் வசைமாரி பொழிந்தது, வரம்பு கரைந்தது. கோப்பையை முடிவு செய்யும் உலகத் தொடரின் இறுதி ஆட்டம் வரை சேர்த்து அந்த ஆண்டு 216 இன்னிங்ஸ் வீசினார். மெட்ஸ் தோற்றது. 2016 ஜூலையில் ஹார்விக்கு அறுவை சிகிச்சை. முழங்கையில் அல்ல, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, முதல் விலா எலும்பின் அருகே, கைக்குப் போகும் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் நசுங்கும் கோளாறுக்கு. அதற்குப் பிறகு அவர் பழைய ஹார்வியாகவே இல்லை.

தசைநாருக்கு அப்பால்

காக்கப்பட்ட கைக்கு என்ன ஆனது? 2013 அக்டோபரில் முழங்கையில் மிதந்த எலும்புத் துணுக்குகளை எடுத்தார்கள். 2014இல் 242 ஸ்ட்ரைக் அவுட்டோடு தேசிய லீகின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். 2016 மே மாதம் 17.5 கோடி டாலர் ஒப்பந்தம். அதே செப்டம்பரில் முழங்கையில் மறுபடியும் வலி. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்கேனில் தசைநார் உறுதியாக இருந்தது, காயம் முன்கையின் தசைத்தொகுதியில். ஆனாலும் அந்த ஆண்டு பிளேஆஃபும் போயிற்று.

2019தான் உச்சம். பருவத்தில் 209 இன்னிங்ஸ், 251 ஸ்ட்ரைக் அவுட். பிளேஆஃபில் 5 வெற்றி, தோல்வியே இல்லை. அக்டோபர் 29 அன்று ஹூஸ்டனில், தோற்றால் தொடரே முடிந்துவிடும் என்ற ஆறாவது ஆட்டத்தில் 8 1/3 இன்னிங்ஸ் வீசினார். மறுநாள் நேஷனல்ஸ் கோப்பையை வென்றது. உலகத் தொடரின் சிறந்த வீரர் விருது ஸ்ட்ராஸ்பர்க்குக்கு. பிளேஆஃபையும் சேர்த்தால் அந்த ஆண்டு 245 1/3 இன்னிங்ஸ். டிசம்பரில் 7 ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர்.

அந்த ஒப்பந்தத்தில் அவர் வீசியது 31 1/3 இன்னிங்ஸ். 2020இல் மணிக்கட்டு நரம்பு நசுங்கியதற்கு அறுவை. 2021இல், ஹார்விக்கு வந்த அதே கழுத்துப்பகுதிக் கோளாறு. ஒரு விலா எலும்பையும் கழுத்தில் இரண்டு தசைகளையும் அகற்றினார்கள். 2022 ஜூன் 9 அன்று மயாமியில் ஒரே ஓர் ஆட்டம், பிறகு விலா எலும்புகளில் மீண்டும் பிரச்சினை. 2024 ஏப்ரலில் ஓய்வு முறைப்படி பதிவானது. மொத்தம் 113 வெற்றி, 62 தோல்வி.

ஒருவரைக் காத்தார்கள், ஒருவரைக் காக்கவில்லை. இருவரும் ஒரே கோளாறில் போய்ச் சேர்ந்தார்கள், ஐந்து ஆண்டு இடைவெளியில். அந்த ஐந்து ஆண்டையும் 2019 கோப்பையையும் 2012இன் நிறுத்தம்தான் வாங்கிக் கொடுத்தது என்று வாதிடலாம். இரண்டு கைகளை வைத்து அதை நிரூபிக்க முடியாது. ஆனால் ஒன்று தெளிவு: 2012இல் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது தசைநாரை. வேகமோ, விரல் நுனி முதல் கழுத்து வரை ஒரு முழுத் தொடரின் மீது ஏறுகிறது. அதில் ஒரு கண்ணியை மாற்றி வலுவாக்கினால், அடுத்த மெலிந்த கண்ணி பதில் சொல்லும். பெரிய லீக் பிட்சர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் டாமி ஜான் அறுவைக்குப் பிறகு அதே லீகுக்குத் திரும்புகிறார்கள் என்ற ஆய்வு எண்ணை அடிக்கடி காட்டுகிறார்கள். அது திரும்புவதைச் சொல்லும் எண். எத்தனை ஆண்டு நிலைத்தார்கள் என்பதை அது சொல்வதில்லை.

இளையோர் விஷயத்தில் இந்த எண் செய்யும் கேடு அதிகம். மருத்துவர் கிறிஸ்டோபர் அகமதும் சகாக்களும் 2012இல் வெளியிட்ட கருத்தாய்வில், பள்ளி வீரர்களில் ஏறத்தாழ பாதிப்பேர், காயமே இல்லாவிட்டாலும் திறன் கூடுவதற்காக இந்த அறுவையைச் செய்யலாம் என்று நம்பினார்கள். சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு வேகம் கூடுவது உண்மைதான். ஓராண்டு கால்களுக்கும் முதுகுக்கும் ஒழுங்காகப் பயிற்சி கொடுத்ததன் பலன் அது, நாணின் பலன் அல்ல. கத்தி இல்லாமலே கிடைப்பது.

இன்று இந்த அறுவையை அமெரிக்காவில் மிகுதியாகச் செய்துகொள்வோர் 15 முதல் 19 வயது வரையுள்ளவர்கள். ஃபிளைசிக் குழு பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்த இளம் பிட்சர்களில், ஆண்டுக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களுக்குக் கடும் காயம் ஏற்படும் வாய்ப்பு மூன்றரை மடங்கு. களைத்த கையோடு தொடர்ந்து வீசியவர்களுக்கு அறுவை வரை போகும் அபாயம் 36 மடங்கு என்று அதே நிறுவனத்தின் இன்னோர் ஆய்வு சொன்னது. இவற்றை வைத்து 2014இல் மேஜர் லீக் பேஸ்பாலும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் வயதுவாரியாக வரம்பு வெளியிட்டன: ஒரு நாளுக்கு 9, 10 வயதினருக்கு 75 பந்து, 11, 12 வயதினருக்கு 85, 13 முதல் 16 வயது வரை 95, 17, 18 வயதினருக்கு 105. வீசிய எண்ணிக்கைக்கு ஏற்ப ஓய்வு நாட்கள். ஆண்டில் நான்கு மாதமாவது போட்டியில் வீசவே கூடாது. 160 என்ற எண்ணைவிட இவை நல்ல எண்கள், ஏனெனில் பந்தை எண்ணுகின்றன. வேகத்தை இவையும் எண்ணுவதில்லை. பள்ளி அணிக்கு ஒரு நாளும் கிளப் அணிக்கு மறுநாளும் வீசும் 14 வயதுப் பையனின் பந்துகளை இரு ஸ்கோர் புத்தகங்களும் தனித்தனியாகத்தான் எழுதி வைக்கின்றன. கூட்டிப் பார்ப்பது வீட்டில் இருப்பவர்களின் வேலை.